முப்பது ஏத்துங்க

குள்ளன் ஹெலிகாப்டரின் வயிற்றுக்கடியில் தொங்கிக்கொண்டிருந்தான். கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் திரையில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிக்கும் டார்பிடோக்களில் தடியன்களும் உண்டு, குள்ளன்களும் உண்டு. தடியன்களுக்கு வாலில் நீளமாகக் கம்பி இருக்கும். விட்ட பிறகும் கம்பி வழியாக இடது போ, வலது போ, போதும் நில் என்று சொல்லலாம். குள்ளனுக்கு அந்த வசதி கிடையாது. ஹெலிகாப்டர் தூக்க வேண்டுமே என்று எடையைக் குறைத்துக் குறைத்துச் செய்த பிள்ளை அவன். தண்ணீரில் விழுந்துவிட்டால் பெற்றவள் பேச்சைக்கூடக் கேட்க மாட்டான்.

பெற்றவள் என்றால், கட்டுப்பாட்டு அறையில் நின்றுகொண்டிருந்த இவள்தான். குள்ளனின் மூளையில் ஆழம் சம்பந்தப்பட்ட அத்தனை வரிகளையும் எழுதியவள். இதற்குக் கீழே போகாதே என்று அவனுக்கு ஓர் எல்லை வைப்பார்கள், அதற்குத் தரை என்று பெயர். தரையைத் தீர்மானிப்பது இவள் என்பதால் ஆய்வுக்கூடத்தில் இவளுக்குத் 'தரையக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. முதலில் கோபப்பட்டாள், அப்புறம் பழகிப்போனது.

இன்றைய சோதனையில் குள்ளனுக்குள் வெடிமருந்து இல்லை. ஆனால் குறி நிஜமான நீர்மூழ்கி. உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் இவளுடைய கொழுந்தன். கடலுக்குள் என்ன சத்தம் கேட்கிறது என்று காதில் மாட்டிக்கொண்டு கேட்பது அவன் வேலை. கிளம்புவதற்கு முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் ஒரே அலப்பறை.

"அண்ணி, உங்க குள்ளன் எங்களக் கண்டுபிடிச்சிட்டா நான் மீசையை எடுத்துடறேன். நாங்க பாட்டுக்குக் கீழ படுத்துத் தூங்கிட்டிருப்போம்."

"தூங்கு தம்பி, நல்லாத் தூங்கு. உன் குறட்டையை வச்சே வந்துருவான்."

அவள் கணவன் சிரிக்கவில்லை. "ரெண்டு பேரும் விளையாட்டுக்குச் சொல்றீங்க. பாத்துக்கோ" என்று மட்டும் மனைவியிடம் சொன்னான். தம்பியைத் தூக்கி வளர்த்த அண்ணன் அவன்.

பார்த்துக்கொள்வதற்குத்தானே தரை. குள்ளனின் தரை எண்பது மீட்டர், நீர்மூழ்கி நிற்பது நூற்றிருபது. நடுவில் நாற்பது மீட்டர் தண்ணீர். குள்ளன் மேலேயே சுற்றி, கீழே இருப்பவனைக் கண்டுபிடித்து, தலைக்கு மேல் நேராக ஓடிக் காட்டினால் போதும், வெற்றி. இந்த இடைவெளியை நம்பித்தான் கடைசி நேரத்தில் விலகித் திரும்பும் ஏற்பாட்டைக்கூட இந்த முறை எடுத்துவிட்டிருந்தார்கள். வெடிக்காவிட்டாலும் அவ்வளவு வேகத்தில் வரும் இரும்பு ப்ரொபெல்லரில் மோதினால் நீர்மூழ்கி கடலடியில் முடங்கிப்போகும். மேலே வர முடியாத நீர்மூழ்கியைப் பற்றி அந்த அறையில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

காலையிலேயே கடல் காலை வாரிவிட்டது. வெயில் காய்ந்த வெதுவெதுப்பான தண்ணீர் வழக்கத்தைவிட ஆழம்வரை இறங்கியிருந்தது. அதன் கீழே குளிர்ந்த தண்ணீர். இரண்டும் சேரும் இடத்தை அடுக்கு என்பார்கள். சாய்வாக வரும் ஒலி அதைத் தாண்டாமல் வளைந்து போய்விடும். அன்றைக்கு அடுக்கு நூறு மீட்டரை ஒட்டி இருந்தது. குள்ளன் அடுக்குக்கு மேலே, நீர்மூழ்கி அடுக்குக்குக் கீழே. ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது.

திட்ட இயக்குநர் விசிலடிக்க ஆரம்பித்தார். அழுத்தம் கூடினால் மூக்கால் சத்தம் விடும் பழக்கம் அவருக்கு, அதனால் கூடத்தில் அவர் பெயர் குக்கர். இதற்கு முன் நடந்த இரண்டு சோதனைகளும் ஊத்திக்கொண்டுவிட்டன. இதுவும் போனால் குள்ளனை மூட்டை கட்டிவிடுவார்கள்.

"என்னம்மா பண்ணலாம்? சீக்கிரம் சொல்லுங்க."

"ரெண்டு பேரையும் முப்பது தள்ளிடலாம் சார். குள்ளனோட தரை நூத்திப்பத்து. அவங்க நூத்தம்பது. ரெண்டும் அடுக்குக்குக் கீழ வந்துரும், இடைவெளியும் அப்படியே இருக்கும்."

குக்கர் தலையாட்டினார். ஹெலிகாப்டருக்கு அவளே வானொலியில் புதிய எண்ணைச் சொன்னாள். நீர்மூழ்கியோடு பேசுவது வேறு கதை. தண்ணீருக்குள் நேர் கீழே குரலை அனுப்பும் தொலைபேசி ஒன்று உண்டு, செங்குத்தாகப் போகும் அதை அடுக்கு தடுக்காது. பேசுவது கிணற்றுக்குள் பேசுவது போலக் கலங்கிப் போய்ச் சேரும், நீளமாகப் பேசினால் பாதி கரைந்துவிடும். அதனால் இரண்டு மூன்று சொல்லில் முடிப்பார்கள். அந்த மைக்கில் இருந்தவர் மேற்பரப்புக் கப்பல்களிலேயே காலம் தள்ளிய அதிகாரி. கொடுத்ததைக் கூட்டாமல் குறைக்காமல் திருப்பிச் சொல்வார் என்பதால் எதிரொலி என்று அழைப்பார்கள்.

"முப்பது ஏத்தச் சொல்லுங்க சார்" என்றாள் அவள்.

எதிரொலி மைக்கை அழுத்தினார். "முப்பது ஏத்துங்க. முப்பது ஏத்துங்க."

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு தண்ணீருக்குள்ளிருந்து பதில் மிதந்து வந்தது. "ஏத்தறோம்... முப்பது ஏத்திட்டோம்."

எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஹெலிகாப்டர் தன் ஒலிக்கருவியைக் கயிற்றில் தண்ணீருக்குள் இறக்கியது. கயிற்றின் நீளம் அவ்வளவுதான், அடுக்குக்கு மேலேயே நின்றுவிட்டது. பெரிதாக ஒன்றும் கேட்காது என்றுதான் எதிர்பார்த்தார்கள். உத்தேசமாக இந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதும், மீதியைக் குள்ளன் பார்த்துக்கொள்வான்.

"சார், பிரமாதமாக் கேக்குது!" என்று ஹெலிகாப்டர்காரன் கத்தினான். "காதே கிழியுது சார். இவ்வளவு தெளிவா நான் கேட்டதே இல்ல."

அறையில் கைதட்டல். குக்கரின் முகத்தில் மாதக்கணக்கில் காணாமல் போயிருந்த சிரிப்பு திரும்பி வந்தது. "விடுங்க! போட்டுடுங்க!" என்றார்.

அவளும் தட்டப்போனாள். கை பாதியில் நின்றது. எப்படிக் கேட்கும்? அடுக்குக்கு மேலே இருந்து கேட்கிறவனுக்கு, அடுக்குக்குக் கீழே நூற்றைம்பதில் இருப்பவன் இவ்வளவு தெளிவாக எப்படிக் கேட்பான்? கேட்கக்கூடாதே.

கேட்கிறது என்றால் அவன் மேலே இருக்கிறான்.

ஏத்துங்க.

ஆய்வுக்கூடத்தில் ஆழம் என்பது திரையில் தெரியும் ஓர் எண். வாடகை ஏறுவது போல, காய்ச்சல் ஏறுவது போல அங்கே ஆழமும் ஏறும். எண்பது நூற்றுப்பத்து ஆனால் முப்பது ஏத்தியாச்சு என்பார்கள், டீ குடித்துக்கொண்டே சொல்வார்கள், வருஷக்கணக்காக அப்படித்தான் சொல்லி வந்தார்கள். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஏத்துவதற்கு வேறு எந்த அர்த்தமும் கிடையாது. படகை மேலே ஏத்த வேண்டும், அவ்வளவுதான். நூற்றிருபதில் இருந்தவர்கள் தொண்ணூறுக்கு வந்து சமர்த்தாக நிற்கிறார்கள். குள்ளனின் தரையோ நூற்றுப்பத்து. நடுவில் நாற்பது மீட்டர் தண்ணீர் இருந்த இடத்தில் இப்போது ஒரு சொட்டுகூட இல்லை.

"விடாதீங்க!" என்று அலறினாள்.

திரையில் ஹெலிகாப்டரின் வயிறு காலியாக இருந்தது. குள்ளனைச் சுமந்த சின்னப் பாராசூட் ஒன்று விரிந்து, சாய்ந்து, கடலில் விழுந்தது.

"என்னம்மா?" என்றார் குக்கர்.

"அவங்க மேல வந்துட்டாங்க சார்! நான் சொன்னத அவங்க மேல ஏத்தறதுன்னு எடுத்துக்கிட்டாங்க. தொண்ணூறுல நிக்கறாங்க. மோதிடுவான்!"

குக்கரின் முகம் வெளிறியது. அறையில் இருந்த யாரும் அவனைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்று சொல்லவில்லை. கூப்பிட முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படித்தானே அவனைச் செய்தார்கள்.

கடலுக்குள் தொங்கவிட்டிருந்த கருவி வழியாகக் குள்ளனின் சத்தம் ஒலிபெருக்கியில் வர ஆரம்பித்தது. டிங் என்று ஒரு கூவல், இடைவெளி, இன்னொரு டிங். தேடுகிறான்.

எதிரொலி மைக்கை எடுத்தார். "என்ன சொல்லட்டும் மேடம்?"

என்ன சொல்ல? குறைக்கவா, கூட்டவா, இறக்கவா? இன்னொரு சொல் இன்னொரு மாதிரிப் போய்ச் சேர்ந்தால்? அவளுக்கு வாயில் வந்த அத்தனை சொற்களும் அந்த நேரத்தில் இரண்டு பக்கம் பல் வைத்தவையாகத் தெரிந்தன. அவரிடம் சொல்லி அவர் சொல்லும்வரை பொறுக்க முடியவில்லை. மைக்கைப் பிடுங்கினாள்.

"தம்பி! கீழ போ! கடலோட அடிப்பக்கம் போ! கீழ! கீழ!"

கட்டை விரலை எடுத்தாள். இரைச்சல். மறுபடி அழுத்தினாள். "கீழ போ! தலைக்கு நேரா வர்றான்! கீழ!"

பதில் இல்லை. டிங் டிங் என்று கூவல்கள் நெருங்கத் தொடங்கின. குள்ளன் கண்டுபிடித்துவிட்டான். இந்தச் சத்தத்துக்காக எத்தனை இரவு கண் விழித்திருக்கிறாள். இப்போது அது நின்றுபோகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்க் கணவன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று நினைத்தாள். அதைவிட, குள்ளா, நாசமாய்ப் போ, எங்கேயாவது முட்டிக்கொண்டு சாவு என்று தான் பெற்றதைத் தானே சபித்தாள்.

கூவல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. குக்கர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

திடீரென்று கூவல் தளர்ந்தது. டிங். இடைவெளி. டிங். குள்ளன் அதே ஆழத்தில் வட்டமடித்தான். தொலைத்த சாமானைத் தேடுகிறவன் போல அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தான். கடைசியில் மின்கலம் தீர்ந்து மௌனமானான்.

மோதிய சத்தம் வரவில்லை. ஆனால் கீழேயிருந்தும் ஒன்றும் வரவில்லை. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி?" என்றது ஒலிபெருக்கி. "நீங்களா அண்ணி?"

"எங்க இருக்க?"

"கீழதான். நூத்தி எம்பது. குரல் கேட்டதும் கேப்டன் கிட்ட கத்தினேன், படகோட மூக்கைக் குத்தி இறக்கிட்டார். தலைக்கு மேல போனான் அண்ணி. எல்லாரும் கேட்டோம்."

அவள் அழுதாள். அத்தனை பேர் முன்னால், மூக்கைச் சிந்திக்கொண்டு, வெட்கம் பார்க்காமல் அழுதாள். எதிரொலி தன் கைக்குட்டையை நீட்டினார். தன் பங்குக்கு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு சொல்லைக் கேட்டுச் சொன்ன பாவம் அவரையும் விடவில்லை.

குக்கர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார். "உக்காரும்மா. நீங்க செஞ்சதுதான் சரி. தப்பு நம்ம எல்லாரோடதும். இனிமே நிக்க வேண்டிய ஆழத்த மட்டும்தான் சொல்லணும், ஏத்தறது இறக்கறது கிடையாது." தண்ணீர் கொடுத்தார். நல்ல மனிதர்தான். ஆனால் திரையில் குள்ளன் போட்ட வட்டங்களை விட்டு அவர் கண் நகரவே இல்லை.

"பிடிச்சிட்டான்மா. நல்லாப் பிடிச்சிட்டான். அப்புறம் ஏன் விட்டான்?"

"அவங்க அடுக்குக்குக் கீழ போயிட்டாங்க சார். அவனோட கூவல் திரும்பி வரல. அங்கயே சுத்திட்டிருந்தான்."

"நிஜமான எதிரியும் அதத்தானே செய்வான்? அடுக்குக்குக் கீழ போய் ஒளிஞ்சிட்டா நம்ம ஆளு வெறுமனே சுத்திட்டிருப்பானா? அதுக்கு என்ன பண்றது?"

அது அவள் வேலை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே, கண்ணீர் இன்னும் காயாமலே, பதில் தயாராக இருந்தது. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மைக்கைப் பிடித்த கை மரத்துப்போய் விரல் மறுபடி பொத்தானை அழுத்திக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

"கீழ போகச் சொல்லணும்" என்றாள். "எவ்வளவு முடியுமோ அவ்வளவு கீழ."

குக்கர் மெல்லத் தலையாட்டினார். அவள் விரல் தளர்ந்தது. இரைச்சலைக் கடந்து குரல் வந்தது. பயந்த குரல், சொன்னதைச் செய்யத் தயாரான குரல்.

"இன்னும் கீழ போகணுமா அண்ணி? இது வயசான படகு. இதுக்குக் கீழ எங்களால போக முடியாது."

அவள் மைக்கை வாய்க்கு அருகே கொண்டுபோனாள்.

"உனக்குச் சொல்லல தம்பி" என்றாள்.

யாருக்குச் சொன்னீங்க என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால், உன்னைத் தேடி வரப்போகும் குள்ளனுக்கு என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும்.