பேசாலைப் பக்கத்து மாப்பிள்ளை

தற்கொலை என்ற சொல்லைத் துண்டுப்பிரசுரத்தில் போடுவதா விடுவதா என்று தீர்மானிக்க டுசல்டோர்ஃப் தமிழரின் மூன்று சங்கங்களுக்கும் ஐந்து கூட்டம் தேவைப்பட்டது. ஐந்தாவதிலும் தீரவில்லை. மண்டபத்தைப் பூட்டுகிற ஜேர்மன்காரன் வந்து திறப்பை ஆட்டிக்கொண்டு நின்றதால், 'மனக்கவலை' என்று போட்டுவிட்டு எழும்பினார்கள். அந்த ஐந்து கூட்டத்துக்கும் சிசிலி போனவள். போனாள் என்றால் தேத்தண்ணி ஊற்றப் போனாள். கத்தோலிக்க செபக்குழுவின் பெண்கள் பிரதிநிதி என்று அவள் பெயர் கடதாசியில் இருந்தது. பிரதிநிதிக்குக் கிடைத்த பொறுப்பு சுடுதண்ணீர்ப் போத்தல்.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. அதற்கு முந்தின மாரியில் டுசல்டோர்ஃபில் இரண்டு பிள்ளைகளின் தகப்பன் ஒருவன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். மரண அறிவித்தலில் மாரடைப்பு என்று போட்டார்கள். செத்தவீட்டில் எல்லாரும் மாரடைப்பைப் பற்றியே கதைத்து, எண்ணெயைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும் என்று ஒருவருக்கொருவர் புத்தி சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பெண்சாதி ஒரு மூலையில் இருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நகரசபையின் சமூகப் பிரிவில் இருந்த லிண்ட்னர் என்ற மனுசிக்கு மட்டும் உண்மை தெரிந்திருந்தது. தமிழ் ஆட்கள் தமிழில் மனம்விட்டுப் பேச ஒரு தொலைபேசி தருகிறேன், கிழமைக்கு ஒரு பின்னேரம் அறையும் தருகிறேன், ஆனால் உங்கள் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகக் கொடுக்க வேண்டும் என்றாள். பாவம், அவளுக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது.

கோயில் நிர்வாகத்துக்கு விமலநாதன் தலைவர். கோயில் என்றால் பழைய மரக்கிட்டங்கிக்குள் இருக்கிற கோயில்தான், ஆனால் அவர் நடக்கிற நடைக்கு ஏழு நிலைக் கோபுரம் வேண்டும். செபக்குழுவுக்கு இராயப்பு. பழைய மாணவர் சங்கத்துக்குச் சோதிலிங்கம். ஊரில் படித்த பள்ளிக்கூடத்தில் மாணவர் தலைவராக இருந்தவர், இருபத்திரண்டு வருடமாக அதை விட்டு இறங்காதவர். குத்துவிளக்கா மெழுகுதிரியா என்று ஒரு கூட்டம். துண்டுப்பிரசுரத்தில் ஆருடைய சின்னம் இடப்பக்கம் என்று ஒரு கூட்டம். சாக நினைக்கிறவனைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

லிண்ட்னர் ஒரு சனிக்கிழமை முழுக்க இருந்து பழக்கினாள். பெயர் கேட்கக் கூடாது. இடம் கேட்கக் கூடாது. புத்தி சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சாகிற யோசனை இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம், கேட்பதால் ஒருவனும் சாகமாட்டான், கேட்டால்தான் சொல்லுவான். மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். சோதிலிங்கம் கொப்பியில் எழுதியும் வைத்தார்.

முதல் புதன்கிழமை தொலைபேசி அடித்தது. விமலநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு எடுத்தார்.

"வணக்கம். ஊரிலை எவடம்?"

மறுபக்கம் வைத்துவிட்டது. விமலநாதன், லைனில் ஏதோ பிழை என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் சிசிலிக்கு அவ்வளவு பெரிய மனது இல்லை. எங்கள் ஆட்களுக்கு அது கேள்வியே இல்லை, மூச்சு விடுகிற மாதிரி. ஊரைச் சொன்னால் தெருவும் ஒழுங்கையும் வரும், ஒழுங்கை வந்தால் தகப்பன் வருவார், தகப்பன் வந்தால் சாதி வரும், பிறகு அக்காக்காரி ஆரோடு போனாள் என்பதும் வரும். சாகட்டோ இருக்கட்டோ என்று தவித்துக்கொண்டு எடுக்கிறவன், தன்னை இப்படித் தோலுரிக்க விட்டுவிட்டு இருப்பானா? மூன்று மாதத்தில் பதினான்கு பேர் எடுத்தார்கள். பதினொரு பேர் அந்தக் கேள்வியோடு வைத்தார்கள். இராயப்பு ஒருவனைச் செபமாலை சொல்லச் சொன்னார். மற்ற இருவருக்கும் சோதிலிங்கம் தன்னுடைய பள்ளிக்கூடத்து ஒழுக்கத்தைப் பற்றிச் சொன்னார்.

பிறகு மூன்று பேருக்கும் புதன்கிழமைகளில் வேறு வேலைகள் வந்துவிட்டன. பெண்களுக்குத்தான் பொறுமை கூட என்று திடீரென்று கண்டுபிடித்து, தொலைபேசியைச் சிசிலியிடம் தள்ளிவிட்டார்கள்.

சிசிலி ஒரு ஆஸ்பத்திரியின் மனநோய் வாட்டில் ஒன்பது வருடமாகத் துப்புரவு வேலை செய்கிறவள். வாளியும் தும்புத்தடியுமாக நின்று அவள் கேட்ட கதைகளை இந்த மூன்று பெரிய மனிதர்களும் ஏழு பிறப்பெடுத்தாலும் கேட்டிருக்கமாட்டார்கள். இவர்களுக்கு நான் காட்டுகிறேன் என்றுதான் அவள் அந்தக் கதிரையில் போய் இருந்தாள். அந்தத் திமிர் அவளிடம் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை.

ஒக்டோபர் மாதத்தில் ஒரு புதன், மூன்று மணி தாண்டி அடித்தது. இலக்கம் விழவில்லை. கன நேரம் மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்டது. நான் இருக்கிறேன், ஆறுதலாகக் கதையுங்கோ என்று ஒருமுறை சொல்லிவிட்டுச் சிசிலி வாயை மூடிக்கொண்டாள். பிறகு அவன் கதைத்தான். ஏழு வருடமாக ஒரு உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவுகிறான். அகதி வழக்கு இரண்டுதரம் விழுந்துவிட்டது. கையில் இருப்பது டுல்டுங். போ என்று சொல்லிவிட்டு, அனுப்புகிற நாள்வரைக்கும் இரு என்று மூன்று மாதத்துக்கு ஒருக்கால் முத்திரை குத்தித் தருகிற கடதாசி. ஊரில் தாய் இடம்பெயர்ந்த இடத்தில் செத்துப்போன செய்தி முதல்நாள் மத்தியானம் வந்தது. பின்னேரம் வேலைக்குப் போய் வழமைபோலக் கோப்பை கழுவினான். அறையில் கூட இருந்த இருவரும் வேறு நகரத்துக்குப் போய்விட்டார்கள்.

"தம்பி, சாகவேணும் எண்டு யோசிக்கிறீங்களோ?" என்று சிசிலி கேட்டாள்.

"ஓம் அக்கா."

"எப்ப?"

"இண்டைக்கு."

சிசிலி அதே குரலில் கதைத்தாள். தனக்குத் தெரிந்த டொக்டர் ஒருவர் இருக்கிறார், கடதாசி கேட்கமாட்டார், பொலிசுக்குச் சொல்லமாட்டார், நானே கூட வருகிறேன் என்றாள். அரை மணித்தியாலத்தில் அவன் குரல் கொஞ்சம் இளகிவிட்டது. நீங்கள் வந்தால் வாறன் என்றுகூடச் சொல்லிவிட்டான். இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் விலாசத்தையும் சொல்லியிருப்பான். அதற்குள் அவன் தன் கைகளைப் பற்றிச் சொன்னான்.

"கரைவலை இழுத்த கையக்கா. இப்ப சவுக்காரத்திலை ஊறி வெளுத்துப்போச்சு."

சிசிலி வங்காலைக்காரி, அதே கரையின் மீன்பிடி ஊரில் வளர்ந்தவள். அந்தக் கடற்கரைப் பேச்சு காதில் விழுந்ததும் உள்ளே என்னவோ துள்ளியது. பத்து வருடமாகக் கேளாத பேச்சு. வாய் அவளைக் கேட்காமலே திறந்தது.

"பேசாலையோ தம்பி? ஆரின்ரை மகன்?"

தொலைபேசி அறுந்தது.

சிசிலிக்குத் தன் வாயைத் தானே அறைய வேண்டும் போலிருந்தது. விமலநாதன் வணக்கம் சொல்லியாவது கேட்டார். அவள் ஒருவனைச் சாவின் வாசலிலிருந்து அரைவாசி தூரம் கூட்டிக்கொண்டு வந்து கேட்டாள். இவ்வளவு நாளும் அந்த மூன்று பேர்மீதும் வைத்திருந்த இளக்காரம் முழுக்கத் தன் தலையிலேயே கொட்டுண்டு கிடந்தது.

பொலிசுக்குச் சொல்லலாமா என்று யோசித்தாள். விலாசம் இல்லை. கண்டுபிடித்துப் போனாலும், நாடுகடத்தத்தான் வந்து நிற்கிறார்கள் என்று அவன் நினைப்பான், அதோடு கதை முடியும். எங்கள் ஆட்களைக் கேட்கலாம். ஆனால் ஒருவன் சாகப்போகிறான், அவன் பேசாலைக்காரன் என்று இராயப்புவிடம் சொன்னால், ஆறு மணிக்கு முன்னம் டுசல்டோர்ஃப் முழுக்கத் தெரியும். அப்படித் தெரிந்த பிறகு அவனைக் காப்பாற்றினாலும் அவன் இருக்கமாட்டான்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் சனத்திடம் எந்த விசயத்தையும் காரணம் கேளாமல், களைக்காமல், கட்டணம் இல்லாமல் விசாரித்துத் தரவைக்க ஒரேயொரு வழி இருக்கிறது. கலியாணம்.

இராயப்புவுக்கு எடுத்தாள். மகள் லாராவுக்கு ஒரு இடம் பார்க்கிறோம் அண்ணை, பேசாலைப் பக்கத்துப் பொடியன், தனிய இருக்கிறானாம், உணவகத்தில் வேலையாம், பெயர் தெரியவில்லை, ஒருக்கால் விசாரிச்சுச் சொல்லுங்கோ என்றாள். இராயப்புவின் குரலில் பத்து வயது குறைந்தது. அப்படி இரண்டு பேர் இருப்பதாகச் சொன்ன கையோடு சோதிலிங்கத்துக்கு எடுத்தார். அதில் ஒருவன் போன வருடம் கட்டிவிட்டான் என்று சோதிலிங்கம் வெட்டினார். மற்றவனோடு ஒரு காலம் வேலை செய்த ஆளை விமலநாதனுக்குத் தெரியும். சின்னம் இடப்பக்கமா வலப்பக்கமா என்று அடிபட்ட மூன்று சங்கங்களும் முதல்முறையாக ஒற்றுமையாக வேலை செய்தன. இருபத்தைந்து நிமிடத்தில் தகவல் வந்தது. பெயர் லூக்காஸ், வயது முப்பத்திநாலு, குடியில்லை, ஓபர்பில்க்கில் ஸ்டேசனுக்குப் பின்னாலே வீடு, நான்காம் மாடி, அழைப்புமணி வேலை செய்யாது, கதவில் தட்ட வேண்டும்.

"ஆனா பிள்ளை, அவனுக்கு விசா இல்லை," என்றார் விமலநாதன். "கிளியை வளத்து இப்பிடியான இடத்திலை குடுக்கிறதோ?"

யோசிச்சுச் சொல்லுறன் அண்ணை என்று சொல்லிவிட்டுச் சிசிலி ட்ராமுக்கு ஓடினாள்.

நான்கு மாடியும் ஏறிக் கதவில் தட்டினாள். திரும்பத் தட்டினாள். மெலிந்த ஒருவன் கதவை ஒரு சாண் திறந்தான். கைகள் அவன் சொன்ன மாதிரியே வெளுத்திருந்தன.

"நான்தான் தம்பி, ஃபோனிலை கதைச்ச அக்கா. நான் கேட்டது பிழை. அது கேக்கக்கூடாத கேள்வி."

அவன் அவளுக்குப் பின்னாலே படிக்கட்டைப் பார்த்தான். அவள் தனியே வந்திருந்தாள்.

"ஆர் ஆருக்குச் சொன்னனீங்கள்?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"பொய் சொல்லாதேங்கோ. விலாசம் எப்பிடிக் கிடைச்சது?"

"மாப்பிள்ளை பாக்கிறம் எண்டு விசாரிச்சனான்."

"ஆருக்கு?"

"என்ரை மகளுக்கு."

அவன் கதவை முழுக்கத் திறந்தான். "உங்கடை பிள்ளையின்ரை பேரையோ குடுத்தனீங்கள்? எனக்கோ?" என்றான். அந்த இடத்திலேயே கதவுநிலையைப் பிடித்தபடி கீழே குந்தி, தாய் செத்ததற்கு அழாத அழுகையை அழுதான். சிசிலியும் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அவன் அழுது முடிந்த பிறகு சப்பாத்தைப் போடச் சொல்லி, அவன் கையைப் பிடித்துக்கொண்டே நான்கு மாடியும் இறங்கினாள். டொக்டர் அன்றைக்கே அவனை வாட்டில் சேர்த்தார். சிசிலி துடைத்த அறையில்தான் அவன் ஐந்து கிழமை இருந்தான்.

மற்றதெல்லாம் எதிர்பார்த்த மாதிரியே நடந்தது. சிசிலி தன் ஒரே மகளை விசா இல்லாத, கோப்பை கழுவுகிற ஒருவனுக்குக் கொடுக்கப் போகிறாளாம் என்று பூசையில், கடையில், பிறந்தநாள் விழாக்களில் கதை நடந்தது. பெட்டைக்கு ஏதும் பிழை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏன் இந்த அவசரம் என்று இரண்டாம் கிழமை கதை வளர்ந்தது. புருசன் அம்புறோஸ் நாலு நாள் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. லாராவுக்கு மட்டும் அவள் உள்ளதைச் சொன்னாள், பெயரை விட்டுவிட்டு. கதைக்கிறவை கதைக்கட்டும், அவருக்குச் சுகமோ என்று லாரா கேட்டாள். சிசிலிக்கு அந்தப் பிள்ளையைப் பெற்றதற்காகத் தன்மேல் முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது.

தை மாதம் ஆண்டறிக்கைக் கூட்டம். லிண்ட்னருக்குக் கொடுக்க விமலநாதன் அறிக்கை எழுதிக்கொண்டு வந்திருந்தார். குத்துவிளக்கு ஏற்றிய படம் முதல் பக்கத்தில் இருந்தது. கடைசிப் பக்கத்தில், தமிழ் மக்கள் குடும்பப் பாசத்திலும் இறைபக்தியிலும் ஊறியவர்கள் ஆதலால் எம்மிடையே இப்படியான பிரச்சினை காணப்படவில்லை, தொலைபேசியால் பயன்பெற்றோர் இல்லை என்று இருந்தது. நகரசபை இந்த வருடம் முடியுமட்டும் தொலைபேசியைத் தருகிறதே, ஆர் அதோடு இருக்கிறது என்று சோதிலிங்கம் கேட்டபோது மூன்று பேரும் கூரையைப் பார்த்தார்கள். நானே வைத்திருக்கிறேன் என்றாள் சிசிலி. தொல்லை விட்டது என்ற முகத்தோடு அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கையெழுத்துக்கு முன்னம் விமலநாதன் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு அவளைப் பார்த்தார். மற்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். அவர்கள் பார்வையில் தொலைபேசி இல்லை, லாராதான் இருந்தாள்.

"சிசிலி, நீங்களும் இவ்வளவு நாள் இருந்தனீங்கள். உண்மையாச் சாகப்போறன் எண்டு ஒராளெண்டாலும் எடுத்ததோ?"

ஒரு சொல் போதும். மகளின் பெயரிலுள்ள கறை போகும், அம்புறோஸ் தலைநிமிர்ந்து பூசைக்குப் போவான், இந்த மூன்று தலைகளும் கவிழும், மிச்சக் காலம் முழுக்க அவள் இந்த மேசையில் தேத்தண்ணி ஊற்றத் தேவையில்லை. அந்தச் சொல் நாக்கின் நுனியில் வந்து நின்றது. அவளுக்கு அந்தக் கணத்தில் இருந்த ஆசையை எழுதினால் ஒருத்தரும் அவளை நல்ல மனுசி என்று சொல்லமாட்டார்கள். லூக்காஸ் திரும்பவும் வேலைக்குப் போகத் தொடங்கி மூன்று கிழமைதான் ஆகியிருந்தது.

"இல்லை அண்ணை," என்றாள் சிசிலி. "ஒருத்தரும் எடுக்கேல்லை."

பேனையை வாங்கி, மூன்று தலைவர்களின் கையெழுத்துக்கும் கீழே தன் முழுப் பெயரையும் எழுதினாள்.