பார்க்க வந்தவர்கள்

தீம் பார்க் வாசலில் வாட்ச்மேன் எங்கள் புளிசோற்றுத் தூக்கை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, வெளிச்சாப்பாடு உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றபோது பஞ்சநாதன் மாமா சண்டை போடவில்லை. "சரிங்க தம்பி, வச்சிக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். எனக்கு அப்போதே சந்தேகம் உறுதியாகிவிட்டது. மாமா ஆண்டிமடத்தில் முந்திரி வியாபாரம் செய்கிறவர். தராசு முள் இம்மி சாய்ந்தாலும் அரைநாள் நின்று பேசுகிறவர். அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் என்றாலும், அப்பா போன பிறகு எங்களை அவர் ஜெயங்கொண்டம் பொருட்காட்சிக்குக்கூடக் கூட்டிப் போனதில்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று கார் பிடித்து, லீவுக்குக் குடும்பத்தோடு போய் வருவோம் என்று பெரம்பலூரைத் தாண்டி பைபாஸ் வரை அழைத்து வந்தால் யார் நம்புவார்கள்?

சந்தேகத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. அம்மா முந்தின நாள் தலைக்கு டை அடித்திருந்தாள். முந்திரி உடைத்துக் கறுத்துப்போன விரல்களைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய் தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான், தண்ணியில எறங்குனா அசிங்கமாத் தெரியும்ல" என்றாள். தண்ணீரில் இறங்கினால் யார் வந்து விரலைப் பார்க்கப் போகிறார்கள்? காரில் சாந்தா அத்தை என் பழைய சுடிதாரைப் பார்த்துவிட்டு, "அந்த மாம்பழக் கலரப் போட்டிருக்கலாம்ல" என்றாள். மாமா கண்ணாடியில் அத்தையைப் பார்த்து முறைத்தார். அத்தை வாயை மூடிக்கொண்டு அரியலூர் வரை தூங்குவதுபோல வந்தாள். எதிரில் சுண்ணாம்புக்கல் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனபோதுகூடக் கண்ணைத் திறக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதை எடுத்த எடுப்பில் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். முதலில் ஏதாவது ஒரு கோயிலில் தற்செயலாகச் சந்தித்ததுபோல ஏற்பாடு செய்வார்கள். பிடித்திருந்தால் வீட்டுக்கு வருவார்கள். பிடிக்காவிட்டால் இரண்டு குடும்பமும் திருநீறு பூசிக்கொண்டு அவரவர் வழியில் போய்விடும், யாருக்கும் குறைச்சல் இல்லை. என் சிநேகிதி கவியாவை அப்படித்தான் கங்கைகொண்டசோழபுரத்தில் புல்தரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது பார்த்தார்கள். அவளுக்கே தெரியாது. தை மாதம் கல்யாணம் முடிந்து இப்போது திருப்பூரில் இருக்கிறாள். எனக்குத் திருச்சியில் எம்.எஸ்சி. சேர இடம் கிடைத்திருந்தது. ஹாஸ்டலுக்கும் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. ஜூனில் காலேஜ் திறக்கும் நேரத்தில் என்னை மணையில் உட்கார வைக்கலாம் என்று மாமா கணக்குப் போட்டிருக்கிறார், கோயில் என்றால் நான் உஷாராகிவிடுவேன் என்பதால் இந்த இடம் என்று முடிவு கட்டிக்கொண்டேன். பார்க்கத்தானே வருகிறார்கள், நன்றாகப் பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

உள்ளே நுழைந்ததும் ஒரு டைனோசர் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் எதைத் திறந்தாலும் அதற்கு முன்னால் ஒரு டைனோசரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். அதன் நிழலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரும், ஃபோனைப் பார்த்தபடி ஓர் இளைஞனும் நின்றார்கள். வெள்ளைச் சட்டைக்காரருக்கு ஐம்பது வயது இருக்கலாம். அவர் எங்கள் பக்கம் திரும்புவதற்கு முன்னாலேயே மாமா, "அட, கலைமணியா, நீங்க எங்க இங்க?" என்றார். சிரிப்பு வந்தது எனக்கு. நாடகத்தில் சேர்த்திருந்தால் முதல் நாளே விரட்டியிருப்பார்கள்.

"இவரு உடையார்பாளையத்துல உரக்கட வச்சிருக்காரு. இது முத்தமிழ்செல்வன், கூட வந்துருக்காப்ல" என்று மாமா எங்களுக்குச் சொன்னார். முத்தமிழ்செல்வன் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ஃபோனுக்குள் போனான். என்னைப் பார்க்காதது மாதிரி நடிக்கிறான் என்று தோன்றியது. அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வந்திருக்கிறார்கள், பிள்ளை பார்ப்பான், அப்பா விசாரிப்பார். இதில் ஊகிப்பதற்கு என்ன இருக்கிறது?

நானும் என் வேலையை ஆரம்பித்தேன். தண்ணீர் விளையாட்டுக்குக் கொடுக்கிற நைலான் உடுப்பில் ஆகப் பெரியதாக, முழங்காலில் கிழிந்ததாகப் பார்த்து எடுத்துப் போட்டுக்கொண்டேன். சறுக்கில் வரும்போது தொண்டை கிழியக் கத்தினேன். மத்தியானம் பரோட்டாவைப் பிய்த்து இரண்டு கையாலும் தின்றேன். அத்தை மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். கலைமணி சால்னாக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். இவர் சாதாரண ஆள் இல்லை என்று எனக்குப் பட்டது. எதற்கும் முகம் சுளிக்காதவர்களை நம்பவே கூடாது.

சாப்பிட்ட பிறகு எல்லோரும் அலைக்குளத்தில் இறங்கினார்கள். கலைமணி மட்டும் இறங்காமல் கரையில் உட்கார்ந்து எல்லோருடைய செருப்பையும் பையையும் பார்த்துக்கொண்டார். என் பைக்கும் கையை நீட்டினார். "வேணாங்க, நானே வச்சிக்கிறேன்" என்று பையை மடியில் வைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன். அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"காலையில நேரத்துல எந்திரிப்பியாம்மா?"

"எட்டு மணி ஆவுங்க. அதுவும் அம்மா காப்பி போட்டு எழுப்புனாத்தான்."

"எழுப்புனா கோவம் வருமா?"

"வரும்ங்க. டம்ளரு பறக்கும்."

"எவர்சில்வர்தான, பரவால்ல" என்றார். பிறகு, "திருச்சிக்குப் படிக்கப் போறியாமே?" என்று கேட்டார்.

"போவேங்க. யாரு தடுத்தாலும்."

"யாரு தடுக்கப் போறா. நல்லாப் படிம்மா."

தாலி ஏறும்வரை எல்லா மாமனார்களும் இப்படித்தான் பேசுவார்கள். இவரிடம் சின்னக் கத்தி வேலைக்கு ஆகாது, பெரிதாக எதையாவது எடுத்து வீச வேண்டும் என்று நினைத்தேன். "ஆனா நான் எங்க போனாலும் எங்கம்மாவும் கூட வரும்ங்க. தனியா வுட முடியாது" என்றேன்.

"அம்மா வரட்டுமே, அதுல என்ன" என்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்கூடத் தெரிந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பிடி இல்லீங்க. அம்மாவுக்கு அப்பாவ வுட்டா வேற நெனப்பே கெடயாது. நான் ஸ்கூல்ல படிக்கிறப்ப லாரியில அடிபட்டு செத்துப்போனாரு. இன்னும் அவரு சட்டைய பீரோவுலேர்ந்து எடுத்து மோந்து பாத்துட்டுத்தான் படுக்கும். பாக்குறவங்களுக்குப் பயமா இருக்கும்."

சட்டை பீரோவில் இருப்பது உண்மைதான். மற்றது நான் சேர்த்தது. ஆனால் அவர் முகம் மாறிவிட்டது. தண்ணீர்ப் பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலையைக் கெண்டைக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் அலைக்கும் பின்னால் நகர்ந்து நகர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து மாமாவைத் தேடிப் போனார். ஒழிந்தது சம்பந்தம் என்று நான் சந்தோஷமாகக் காலைத் தண்ணீரில் விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஜூஸ் கடை ஓரத்தில் மாமா அம்மாவிடம் ஏதோ சொல்வது தெரிந்தது. அம்மாவின் முகம் சுண்டிப்போனது. ஈரச் சேலையோடு நேராக வந்து என் கையைப் பிடித்துப் பெண்கள் உடைமாற்றும் அறைக்குள் கூட்டிப்போனாள். ஓரத்து பெஞ்சில் உட்கார வைத்தாள்.

"அவருகிட்ட என்ன சொன்ன?"

"எனக்கு இப்பக் கல்யாணம் வேணாம்மா. அந்தப் பையனும் அவன் ஃபோனும்..."

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "எந்தப் பையன்? முத்தமிழா? அவரோட அண்ணன் மவன், காரு ஓட்டிட்டு வந்துருக்கு. அதுக்குக் கல்யாணமாயி கைப்புள்ள இருக்கு."

"அப்ப எதுக்கு வந்தாங்க?"

அம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தாள். "அவரு சம்சாரம் போயி ரொம்ப நாளாச்சி. புள்ள இல்ல. மாமாதான் பேச்ச எடுத்துச்சி. கோயில்ல வச்சா ஊரு வாயில வுழுவணும்னு இங்க வரச் சொல்லிச்சி. அவங்க ஒன்னயப் பாக்க வரல பூவி. நீ அவரப் பாக்கணும்னுதான் நான் வரச் சொன்னேன். எம்பொண்ணு பாக்கணும், பேசணும், அவளுக்குப் புடிக்கலன்னா வேணவே வேணாம்னு சொல்லிட்டேன். முன்னாடியே சொல்லியிருந்தா நீ காருல ஏறியிருக்க மாட்ட."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். டை, தேங்காய் எண்ணெய், சிரிப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்து, அத்தனையும் எனக்காக என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது ஒரு பக்கம் அவமானமாக இருந்தது. இன்னொரு பக்கம் அப்பாவை நினைத்து ஆற்றாமையாக இருந்தது. அம்மாவுக்கு இன்னும் நாற்பது முடியவில்லை என்பது எனக்குத் தெரிந்த விஷயம், ஆனால் ஒருநாளும் நான் யோசித்துப் பார்த்த விஷயம் இல்லை. ஜூனில் நான் ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் அந்த வீட்டில் விளக்கைப் போடவும் அணைக்கவும் அவள் ஒருத்திதான். எங்கே போனாலும் அம்மாவும் கூட வரும் என்று அவரிடம் சொன்னேனே, ஹாஸ்டலுக்கு எழுதிக் கொடுத்தபோது எனக்கு அப்படி ஒரு நினைப்பே வரவில்லை.

"கெளம்பறேன்னுட்டாராம்" என்றாள் அம்மா. "அவுங்க மனசு பழைய எடத்துலயே இருக்குது, நாம நடுவுல போவக் கூடாதுன்னாராம். சட்டையப் பத்தி ஏதோ சொன்னியாமே."

நான் குனிந்து உடுப்பின் முழங்கால் கிழிசலை இழுத்து மூடினேன்.

"தெனம் அது கலஞ்சி கெடக்கும். மறுபடி மடிச்சி வக்கிறது நாந்தான் பூவி. நான் ஒன்னயக் கேட்டதில்ல." அம்மா அழவில்லை. எழுந்து, மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

வெளியே வந்தபோது கலைமணி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். முத்தமிழ்செல்வன் கார் எடுக்கப் போயிருந்தான். மாமா டைனோசரையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கலைமணியின் எதிரில் போய் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று யோசித்து வரவில்லை.

"சட்டைய மோந்து பாக்குறது எங்கம்மா இல்லீங்க" என்றேன். அவர் நிமிர்ந்தார். "நாந்தான்."

பக்கத்தில் குழந்தைகள் நைலான் உடுப்பில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடின.

"தொவச்சிடாதம்மா" என்றார். "எங்க வூட்டுல ஒரு சேல இருந்துச்சி. அழுக்கா இருக்கேன்னு தெரியாம தொவச்சிட்டேன்."

சரி என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. எனக்குச் சந்தேகம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ஒரு வார்த்தை நன்றாகப் பேசிவிட்டால் ஆகிவிடுமா? இவருக்குக் குடிப்பழக்கம் உண்டா, கோபம் வந்தால் எப்படி, அம்மாவின் கறுத்த விரலைப் பார்த்து என்ன நினைப்பார் என்று கேட்பதற்கு எனக்கு ஆயிரம் இருந்தது. அழுகையும் வந்தது, அதை அவர் முன்னால் காட்டப் பிடிக்கவில்லை. பையைக் கழற்றி அவரிடம் நீட்டினேன்.

"இத வச்சிருங்க. ராட்டினத்துல ஒரு சுத்து ஏறிட்டு வரேன்."

அவர் பையை வாங்கிக்கொண்டு, மாட்டிய செருப்பை மறுபடியும் கழற்றினார்.

ராட்டினப் பெட்டியில் நான் மட்டும்தான் உட்கார்ந்தேன். அது நின்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டு மேலே போயிற்று. உச்சியிலிருந்து பைபாஸும், வரிசையாகப் போகும் லாரிகளும், வெயிலில் காய்ந்த சோளக்காடுகளும் தெரிந்தன. அம்மா வேறு சேலையில் வெளியே வந்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவர் இருந்த பெஞ்சின் இன்னொரு முனையில் உட்கார்ந்தாள். நடுவில் என் பை இருந்தது. அம்மா தலையைத் தூக்கிக் கண்ணுக்கு மேல் கை வைத்து என்னைத் தேடினாள். அவரும் தேடினார். பிறகு கையை நீட்டிக் காட்டினார், வேறு ஏதோ ஒரு பெட்டியை. அம்மா அதைப் பார்த்துக் கையை ஆட்டினாள். அந்தப் பெட்டியில் இருந்த யாரோ ஒரு பெண்ணும் பதிலுக்குக் கையாட்டினாள். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் எப்போது என்னைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே கீழே இறங்கிவந்தேன்.