நிருஜன் (கனடா)

விசாரணை இரண்டு மணிக்கு. எங்கள் வழக்கறிஞரைச் சந்தித்துவிட்டு நானும் நிருஜனும் லண்டன் மில்பாங்க் பகுதியில் ஆற்றோரமாக நடந்தோம். அங்கே ஒரு பழைய கல்தூண் நிற்கிறது. முன்பு அவ்விடத்தில் இருந்த சிறையிலிருந்து கைதிகளைப் படிகளால் இறக்கி அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்களாம். தூணில் பொறித்திருந்ததை நிருஜன் இரண்டு தரம் வாசித்தான்.

“அவங்களுக்குக் கப்பல். எனக்குப் பிளேன். சாப்பாடும் தருவாங்கள், அத்தான்.”

நிருஜன் என் மனைவி அஜித்தாவின் தம்பி. மூன்று வயதில் லண்டனுக்கு வந்தவன். அவனுடைய குடியுரிமைக்கு யாரும் விண்ணப்பிக்கவில்லை. அடிதடி வழக்கில் பதினெட்டு மாதத் தண்டனை. அதற்காக இப்போது கொழும்புக்கு நாடுகடத்தப் போகிறார்கள். அங்கே அவனுக்கு ஒருவரையும் தெரியாது. அதை எதிர்த்த விசாரணையில், அவனுடைய குடும்பம் இங்கேதான் என்று சொல்ல நான் சாட்சி.

“அக்காவின்ர மரண அறிவித்தல் அரசாங்க வழக்கறிஞரின்ர கையில கிடைச்சிருக்குமோ?” என்று நிருஜன் கேட்டான்.

“தெரியாது.”

அவன் சிறையில் இருந்தபோதுதான் அஜித்தா இறந்தாள். மரண அறிவித்தலை நான் எழுதினேன். ஒவ்வோர் உறவினரின் பெயருக்குப் பக்கத்திலும் அவர் வாழும் இடத்தைப் போடுவது எங்கள் வழக்கம். நிருஜனின் பெயரில் கை நின்றது. அஜித்தாவின் அம்மா, மாமி மெற்றில்டா, பின்னால் நின்று, “கனடா எண்டு போடுங்கோ. கோயில் சனம் கேட்கும்,” என்றார். போட்டேன்.

விசாரணை தொடங்கியபோது அதன் மொழிபெயர்ப்பு அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் இருந்தது.

“உங்கள் மனைவியை அடக்கம் செய்த அன்று இவர் எங்கே இருந்தார்?”

“சிறையில்.”

“இதில் கனடா என்று இருக்கிறது. எழுதியது யார்?”

“நான்.”

“பொய் என்று தெரிந்தா?”

தெரியாமல் அச்சாகிவிட்டது என்று சொல்லும்படி காலையில் மாமி கேட்டிருந்தார். பின்வரிசையில் அவருடைய செபமாலை அசையாமல் நின்றது.

“தெரிந்துதான்.”

“ஏன்?”

“வெட்கம். காவலோடு அவனை அடக்கத்துக்கு அனுப்பும்படி சிறையிடம் கேட்டிருக்கலாம். கைவிலங்கை எங்கள் ஆட்கள் பார்ப்பார்கள் என்று கேட்கவில்லை.”

“நீங்கள் சொல்லும் குடும்பம் இதுதானா?”

“ஆம். மாதம் இரண்டு தடவை அவனைப் பார்க்கப் போன குடும்பமும் இதுதான். சிறையின் பதிவில் என் பெயர் இருக்கும்.”

நீதிபதி எதையோ எழுதினார். நிமிரவில்லை. தீர்ப்பு தபாலில் வருமாம்.

வெளியே நிருஜன் என் பக்கத்தில் நடந்தான்.

“என்னை முதல்ல நாடுகடத்தினது நீங்கள்தான், அத்தான். டிக்கெட்டும் போடாமல்.”

அவன் சிரிக்கவில்லை. முன்னால் போன மாமி பஸ் தரிப்பிடத்தில் நின்றார்.

“அஜித்தாவின்ர இரண்டாம் ஆண்டு நினைவு அறிவித்தல் எழுதியிட்டியளோ?”

“இன்னும் இல்லை, மாமி.”

“இவன்ர பேருக்குப் பக்கத்தில லண்டன் எண்டு போடுங்கோ.”

“தீர்ப்பு இன்னும் வரேல்லை.”

“அது வர முதல் போடுங்கோ.”