இடது கைக்கு ஒரு துப்பாக்கி

உசாமா பாய் பெட்டியைத் திறந்தபோது வினோதினி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தொட்டுவிட்டால் வாங்காமல் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

பெட்டிக்குள் ஸ்பாஞ்சின் நடுவே அந்த ஏர் ரைபிள் கிடந்தது. வெள்ளி நிற அலுமினியக் கட்டை, கறுப்புக் குழல், குழலுக்கு அடியில் காற்று அடைக்கிற சின்ன சிலிண்டர். கடலூரில் அவர்கள் சுடப் பழகும் கிளப்பில் இவ்வளவு ஒல்லியான ரைபிளை அவள் பார்த்ததேயில்லை.

"தூக்கிப் பாரும்மா. கடிக்காது" என்றார் உசாமா.

அவருக்கு முதுநகரில் மீன்வலைக் கடை. தோள்வலி வந்த பிறகு ரைபிளை விட்டுப் பிஸ்டலுக்கு மாறிவிட்டார். விற்பதென்றால் வினோதினிக்குத்தான் என்று அவரே முடிவு செய்து வைத்திருந்தார்.

வினோதினி செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடங்களுக்கு முன் உடன் வேலை செய்யும் ஒருத்தி விளையாட்டாகக் கிளப்புக்கு அழைத்துப் போனாள். பத்து மீட்டர் தள்ளி, கறுப்பு வட்டம் போட்ட ஒரு அட்டை. அதன் நடுவில், எழுத்துக்கு வைக்கும் புள்ளி அளவில் ஒரு வெள்ளைப் பொட்டு. அதில் பட்டால் பத்து. அழைத்துப் போனவள் அந்த மாதமே நின்றுவிட்டாள். வினோதினி நிற்கவில்லை.

ஒரே தொல்லை, அவள் குள்ளம், இடது கைக்காரி. கிளப்பில் இருந்த ரைபிள்களெல்லாம் வலது கைக்கு வார்த்தவை, எல்லாமே கனம். அறுபது குண்டு சுட வேண்டிய போட்டியில் நாற்பதாவது குண்டுக்குள் அவள் இடுப்பு விட்டுப்போகும்.

பின்னால் கட்டிய கையை அவிழ்த்து அவள் ரைபிளை எடுத்தாள். தோளில் வைத்துக் கன்னத்தைச் சாய்த்தாள். கண் நேராகக் குறித்துளைக்குள் போய் நின்றது. கழுத்தை வளைக்க வேண்டியிருக்கவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு எக்க வேண்டியிருக்கவில்லை.

"பாய்..." என்றாள். கன்னத்தை எடுக்கவே மனமில்லை.

"எனக்கும் மொத நாள் அப்புடித்தான் இருந்துச்சு" என்று அவர் சிரித்தார். "கடைக்கு வர்றவன் பூரா இதப் பாத்துட்டு, 'பாய், கொக்கு அடிக்கலாமா, பன்னி அடிக்கலாமா'ன்னுதான் கேப்பான். கொக்க அடிச்சா ஜெயிலு, அட்டைய அடிச்சா மெடலு, எது வேணும்னு கேப்பேன். போயிடுவான்."

ஆனால் விசைக்குப் பின்னால் இருந்த மரப்பிடி வலது கைக்குச் செதுக்கியது. இடது கையால் பிடித்தால் கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடு. மற்ற பாகங்களை எந்தப் பக்கமும் மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம். பிடியை மட்டும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். சிதம்பரத்தில் நடக்கவிருந்த மாவட்டப் போட்டிக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

அப்படியும் ரைபிளை வாங்கிவிட்டு, அன்று மாலையே அண்ணனின் மனைவி இலக்கியாவுக்குப் போன் போட்டுப் புலம்பினாள். இலக்கியா பல் டாக்டர். சிதம்பரம் கீழவீதியில் கிளினிக் வைத்திருக்கிறாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானா?" என்றாள். "பல்லே இல்லாத வாய்க்கு அளவெடுத்து செட்டு செய்யறேன். உன் ஒரு கைக்கு அளவெடுக்க மாட்டனா? ஞாயித்துக்கெழம துப்பாக்கியோட வந்துடு."

ஞாயிற்றுக்கிழமை மரப்பிடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மிச்சமிருந்த இரும்புத் தண்டைச் சுற்றி, பல் அளவெடுக்கும் நீல மாவைப் பிசைந்து அப்பினாள் இலக்கியா. நோயாளிகளுக்கான சாய்வு நாற்காலியில் உட்கார வைத்து, "புடி" என்றாள். வினோதினி பிடித்தாள். மாவு இறுகியது. அதிலிருந்து சுண்ணாம்பு அச்சு, அச்சிலிருந்து பல்செட்டு செய்கிற பிளாஸ்டிக்கில் வார்ப்பு. அறை முழுக்க மருந்து நெடி. கடைசியில் வெளியே வந்தது ஈறு நிறத்தில் ஒரு பிடி. பளபளவென்று, அப்பட்டமான ரோஸ்.

"அண்ணி, வேற கலரே இல்லியா?"

"ஈறு என்னா பச்சையாவா இருக்கும்?"

இருவரும் சிரித்த சிரிப்பில் கம்பவுண்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் மறுநாள் கடலூரில் சுட்டுப் பார்த்தபோது குண்டுகள் அட்டையெங்கும் சிதறின. பத்துக் குண்டுக்குள் விரல்கள் வலித்தன. பிடி கைக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் பிடித்த உடனே கை தானாக முறுக்கிக்கொள்கிறது. ரைபிளைக் கீழே வைத்துவிட்டு அந்த ரோஸ் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரவு அண்ணியிடம் சொன்னாள்.

இலக்கியா முழுவதையும் கேட்டாள். திடீரென்று, "அய்யோ" என்றாள். "நீ எங்க உக்காந்து புடிச்ச? என் சேர்ல! அதுல உக்காந்தா யாரா இருந்தாலும் கைய இறுக்கிக்குவாங்கடி. தெனம் பாக்கறேன், எனக்குத் தோணவேயில்ல. பயந்துபோன கைக்கு அளவெடுத்துட்டேன். நாளைக்கே வா. உன் கோட்டு, பூட்ஸு எல்லாத்தையும் மாட்டிகிட்டு வா."

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு வினோதினி போனாள். சுடும்போது போடும் விறைப்பான கேன்வாஸ் கோட்டை மாட்டிக்கொண்டு, கிளினிக்கின் நடைவழியில் காலை அகட்டி நின்றாள். எதிர்ச் சுவரில் பல்துலக்கும் முறையை விளக்கும் படம். அதில் வாயைப் பிளந்திருந்த குழந்தையின் முன்பல்லைக் குறி வைத்தாள். குழலில் குண்டு இல்லை, சிலிண்டரில் காற்றும் இல்லை. இலக்கியா புதிய மாவை அப்பிவிட்டு நகர்ந்தாள்.

"மூச்ச விடு. இன்னும் விடு. தோளத் தொங்கப் போடு. இப்ப மெதுவா விரல வை."

பெஞ்சில் காத்திருந்த ராசம்மாள் என்ற நோயாளி, கன்னத்தைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "யம்மா, டாக்டரம்மா பல்ல சுட்டுதான் எடுப்பாங்களா?"

வினோதினிக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கிக்கொண்டு அசையாமல் நின்றாள். அந்த அடக்கிய சிரிப்பிலேயே உடம்பு முழுக்கத் தளர்ந்தது. மாவு அந்தக் கையின் மேல் இறுகியது.

இரண்டாவது பிடியும் ரோஸ்தான். ஆனால் அதைப் பிடித்த மாதிரியே இல்லை. கை அதன் மேல் சும்மா கிடந்தது. கிளப்பில் முதல் குண்டு ஒன்பதரை, அடுத்தது பத்து. வினோதினி துள்ளிக் குதிப்பதைப் பார்த்து உசாமா தன் பிஸ்டலை வைத்துவிட்டு ஓடி வந்தார்.

அவர்தான் அடுத்த குறையையும் கண்டார். "முன்பக்கம் ஆடுது பாரு. எடை கொறஞ்சது நல்லதுதான். ஆனா உன் நாடித்துடிப்பு குழலோட நுனியில தெரியுது."

வினோதினியும் அதைக் கவனித்திருந்தாள். கனமான ரைபிளில் இடுப்பு வலித்தது. இதில் இதயம் அடிப்பதே குறியை ஆட்டுகிறது. மொத்த எடையை அதிகம் கூட்டாமல் நுனியை மட்டும் அடக்க வேண்டும். உசாமாவின் கடையில் வலை விளிம்பில் கோக்கும் ஈயக்குண்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. சின்னதாகப் பொறுக்கி, தட்டி, குழலைச் சுற்றி மாட்டுகிற மாதிரி வளையங்கள் செய்தார்கள். ஒன்று மாட்டினாள், நுனி இன்னும் மிதந்தது. இரண்டு மாட்டினாள். மூன்றாவதில் ஜாஸ்தியாகி மூக்கு தொங்கியது. மூன்றாவதைக் கழற்றி, பாதியாக வெட்டி மறுபடி மாட்டினாள். குறித்துளைக்குள் அட்டையின் கறுப்பு வட்டம் அப்படியே நின்றது.

"பாய், நிக்குது!"

"தொடாத! இனிமே அதுல எதையும் தொடாத!" என்று அவர் கத்தினார்.

போட்டியன்று சிதம்பரத்தில், ஒரு கல்லூரி உள்ளரங்கத்தின் வாசலில் கருவிகளைச் சோதிக்கும் அதிகாரி ரைபிளை எடை போட்டார், ஈய வளையங்களை அளந்தார், பிடியில் வந்து நின்றார். விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஒட்டற பொருள் எதாவது பூசியிருக்கா?"

"இல்ல சார். பல்செட்டு பிளாஸ்டிக்."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி பிடியைப் பார்த்தார். பிறகு சிரிப்பைக் காட்டாமல் அனுமதிச் சீட்டை ஒட்டினார்.

சுட ஆரம்பித்ததும் சத்தங்கள் விலகிப் போயின. பக்கத்துத் திரையில் எண்கள் வந்தபடி இருந்தன. பத்து புள்ளி ஒன்று. ஒன்பது புள்ளி ஏழு. பத்து புள்ளி நான்கு. பாதிக்கு மேல் ஒரு குண்டு எட்டுக்கு வெளியே போனது. ரைபிளை இறக்கித் தாங்கியில் வைத்தாள், தண்ணீர் குடித்தாள், தோளைத் தொங்கப் போட்டாள். மறுபடி தூக்கியபோது நாற்பது தாண்டியிருந்தது என்பதும் இடுப்பு வலிக்கவில்லை என்பதும் ஒன்றாக உறைத்தன. அந்தச் சந்தோஷத்தோடு விசையைத் தொட்டாள். பத்து புள்ளி ஒன்பது. அதற்கு மேல் ஒரு குண்டுக்கு மதிப்பெண்ணே கிடையாது.

கயிற்றுக்குப் பின்னால் நின்ற இலக்கியா "ஹேய்!" என்று கத்திவிட்டாள். ஒரு அதிகாரி விரலை உதட்டில் வைத்து முறைத்தார். உசாமா அவள் கையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்து, "குடிங்க டாக்டர், குடிங்க" என்றார்.

வினோதினி மூன்றாவதாக வந்தாள். அவள் அதுவரை எடுத்த எந்தப் புள்ளியையும்விட இது அதிகம். மாநிலப் போட்டிக்கும் இது போதும். பெயரைப் படித்தபோது கோட்டின் விறைப்பில் கையைத் தூக்கக்கூட முடியாமல், நின்ற இடத்திலேயே குதித்தாள். இலக்கியா ஓடி வந்து கோட்டோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"பட்டனக் கழட்டி விடுங்க அண்ணி, மூச்சு முட்டுது."

பட்டன்களைக் கழற்றிக்கொண்டே இலக்கியா அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். ரைபிளில் சாய்ந்திருந்த இடது கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு பதிந்திருந்தது. அதை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"கன்னம் வைக்கிற பலக உனக்குச் சரியில்ல. எலும்புல குத்துது. நாளைக்குக் கிளினிக் லீவு. உன் மொகத்துக்கு ஒரு அச்சு எடுத்துடலாமா?"

"இன்னைக்கே எடுத்துடலாம் அண்ணி" என்றாள் வினோதினி.