கல்சிங்கத்தின் கயிறு

...சிங்கம் கனமா, மகள் கனமா, இன்றைக்குத் தராசில் வைத்தால் சிங்கத்தின் தட்டுதான் மேலே போகுமோ என்னவோ, என்று மாவை மடித்து அழுத்தியபடி யென்லிங் நினைத்துக்கொண்டாள். போன குளிர்காலத்தில், அடுப்பை ஒட்டிய மண்படுக்கையின் மூலையில் பிள்ளை உருண்டு விழாமல் கட்டிப்போடும் அந்தக் கல்சிங்கத்தை வைத்து, அதன் முன்கால்களுக்கிடையே கயிற்றைக் கோத்து, மறுமுனையை மகளின் இடுப்பில் கட்டியபோது, மிங்யா மல்லாந்து கிடந்து தன் கால்விரலைத் தானே கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள், கயிறு வீணே தளர்ந்து கிடந்தது... பிறகு குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், கயிறு எட்டும் தூரம்வரை வந்து நின்று சிங்கத்தைத் திரும்பிப் பார்த்து அதட்டினாள், அதன் காதை ஈறால் கடித்தாள். இப்போதோ அடுப்புக்கு அஞ்சுவதில்லை, சேவலுக்கு அஞ்சுவதில்லை, சேவல்தான் இவளைக் கண்டால் சுவரேறுகிறது. மிங்யா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாள், சிரிக்கிறாள், வருவதில்லை. எப்போதிலிருந்து வருவதில்லை?

நடக்கத் தொடங்கிய குழந்தையின் கால்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் இருக்கிறது, கத்தியால் தரையைக் கீறி அதை அறுத்துவிட வேண்டும், அதன்பிறகு குழந்தையைக் கட்டிவைக்கக் கூடாது என்பார்கள் பெரியவர்கள். ஊரில் எல்லாரும் குழந்தை முதலடி வைத்த வாரமே அறுத்துவிடுகிறார்கள், யென்லிங்தான் தள்ளிப்போடுகிறாள். வாசலைத் தாண்டினால் மலைச்சரிவு அல்லவா, சரிவைக் குடைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்த குகைவீடுகள், இவள் முற்றத்தின் விளிம்பு கீழ்வீட்டின் கூரை விளிம்பு, அங்கிருந்து விழுந்தால்... அந்தக் கீழ்வீட்டில்தான் ஓரகத்தி குயிஃபாங் இருக்கிறாள். இன்று காலையும், இவள் சிங்கத்தின் கால்களுக்கிடையே கயிற்றைக் கோத்துக்கொண்டிருந்தபோதுதான், கீழிருந்து அந்தக் குரல் ஏறி வந்தது. "என்னடி, இன்னும் அறுக்கலையா? பிள்ள வளக்கிறியா, கன்னுக்குட்டி வளக்கிறியா?" "அவ அப்பா சுரங்கத்துலேருந்து வரட்டும் அக்கா." "அவன் வர்றதுக்குள்ள இவ கல்யாணம் கட்டிப் போயிடுவா, சிங்கத்தையும் சீதனமா இழுத்துக்கிட்டு!" சிரிப்பை அடக்க முடியாமல் வாசலுக்கு ஓடி ஏதோ பதில் சொன்னாள், திரும்பி வந்து மாவுப் பானையைத் திறந்தாள்... அவருக்காகத்தான் காத்திருக்கிறேனா? அவர் போனமுறை வந்தபோது அறுத்திருக்கலாமே. நூலை அறுத்த பிறகு அவள் யாருடைய கூப்பிடுதூரத்தில் இருப்பாள்?

மாவைப் பலகையில் அறைந்த சத்தம் அடங்கியபோதுதான் வேறு சத்தமே இல்லை என்பது உறைத்தது. படுக்கையில் சிங்கம் மட்டும் இருந்தது. மாவு ஒட்டிய கைகளோடு வாசலுக்கு வந்தாள். முற்றத்தின் கோடியில், இடுப்பிலிருந்து கயிறு வாலாக நீண்டு கிடக்க, மிங்யா விளிம்பருகே நின்றிருந்தாள். கூப்பிட வாய் திறந்தது, திறந்த வாய் மூடிக்கொண்டது, கூப்பிட்டால் திரும்புவாள், சிரிப்பாள், அந்தச் சிரிப்பில் கால் தடுமாறினால்... மிங்யா தானாகவே திரும்பினாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு குப்புறப் படுத்துக்கொண்டு கால்களைப் பின்னால் தள்ளினாள். ஐயோ, நான் சொல்லிக்கொடுத்தது, படுக்கையிலிருந்து இறங்க, வயிற்றை ஒட்டவை கண்ணு, காலைத் தொங்கவிடு, தரை தட்டும், தரை தட்டினதும் கையை விடு என்று தினமும் நான்தானே சொல்லிக்கொடுத்தேன்... கீழிருந்து, "யாருடி அது, என் வாசல்ல மண்ண உதிர்க்கிறது?" என்ற குரல் பாதியில் நின்றது. யென்லிங் அடிமேல் அடி வைத்துப் போய்க் கயிற்றின் முனையை மிதித்தாள். அந்தச் சின்னக் கால் காற்றில் துழாவியது, இடமாக, வலமாக, பொறுமையாக, தரையைத் தேடி. தரை தட்டவில்லை. கால் யோசித்தது, ஆம், கால்தான் யோசித்தது, பிறகு முழங்கால் மேலேறியது, வயிறு நகர்ந்தது, மிங்யா எழுந்து நின்று மண்ணைத் தட்டிக்கொண்டு, புகார் சொல்லும் முகத்தோடு, "தர... இல்ல" என்றாள். யென்லிங்கின் காலடியில் கயிறு ஒருமுறைகூட விறைக்கவில்லை.

மூச்சு வாங்கச் சரிவேறி வந்த குயிஃபாங் முதன்முறையாகக் கேலி பேசவில்லை. "கத்திய எடுத்துட்டு வா" என்றாள். மகளின் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டு, மாவு வெட்டும் கத்தியால் அந்த இரண்டு குட்டிப் பாதங்களுக்கிடையே யென்லிங் தரையைக் கீறினாள், மிங்யா குனிந்து கோட்டைப் பார்த்தாள், தாண்டினாள், சேவலைத் தேடிப் போனாள். "ஓரமா நான் முள்ளு வேலி போட்டுத் தரேன், நீ அழாதடி" என்று சொல்லிவிட்டுக் குயிஃபாங்கும் குழந்தையின் பின்னாலேயே போனாள். இனித் தேவையில்லை என்று கயிற்றைச் சுருட்டியபோதுதான் சிங்கத்தோடு கட்டும் முனை கைக்கு வந்தது. கசங்கல் இல்லை, முடிச்சின் வளைவு இல்லை. இவள் போடும் முடிச்சை இவளே பல்லால் கடித்துத்தான் அவிழ்ப்பாள், குழந்தை விரல் எப்படி... கோத்தது நினைவிருக்கிறது, அக்காவின் குரல் நினைவிருக்கிறது, ஓடியது, சிரித்தது, மாவுப் பானை, பிறகு... முடிச்சு? மறந்துதான் போனேனா? இத்தனை மாதத்தில் ஒருநாளும் மறக்காத கை, இன்றைக்கு மட்டும், என்னைக் கேட்காமல்... மாவு காய்ந்து வெடித்திருந்த தன் விரல்களை, யாரோ ஒருத்தியின் விரல்களைப் பார்ப்பதுபோல யென்லிங் பார்த்துக்கொண்டிருந்தாள்.