மூன்றாவது வயர்

மலையூரான திரிங்காப்புக்கு மேலேயிருந்த தேயிலை ஆலையில் அமல்தாஸ் பதினான்கு வருடமாக வயர்மேன். 1984இல், தேயிலையைக் காயவைக்கும் டிரையரின் சூட்டை ஆபீசிலிருந்தே பார்க்க ஒரு கருவி வந்தது. டிரையரின் விறகு அடுப்பருகே ஒரு சர்க்யூட் போர்டு, ஆபீசில் எண் காட்டும் இன்னொரு போர்டு, இடையே முறுக்கிய இரண்டு வயர்கள். எண் இறங்கினால் ஆபீஸ் எழுத்தரான கிராணி மணியடிப்பார். அடுப்பில் நிற்கும் இராசம்மா விறகு போடுவாள்.

இலையை உருட்டும் ரோலர் மோட்டார் கிளம்பும்போதெல்லாம் எண் தாறுமாறாகக் குதித்தது. அமல்தாஸ் இரண்டு நாள் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு மானேஜர் டொனால்டிடம் போனான். கருவியைப் பொருத்திய கோலாலம்பூர் இன்ஜினியரும் அங்கே இருந்தார்.

“துரை, அடுப்பு போர்டுக்கு மோட்டார் லைன்லேருந்து கரண்ட் வருது, ஆபீஸ் போர்டுக்கு ஆபீஸ் லைன்லேருந்து. ரெண்டு கிரவுண்டும் ஒரே மட்டத்துல இல்ல. மூணாவதா ஒரு வயர் இழுத்து ரெண்டையும் சேக்கணும். கரண்டும் ஒரே எடத்துலேருந்து எடுக்கணும்.”

இன்ஜினியர் சிரித்தார். “ரெண்டு வயருக்கும் உள்ள வித்தியாசத்தத்தான் போர்டு படிக்குது. கிரவுண்ட் எதுக்கு?”

“ரெண்டு வயரும் சேந்தே அளவுக்கு மேல ஏறிட்டா எதப் படிக்கும் சார்?”

“நீ பல்பு மாத்துற வேலையப் பாரு லா,” என்றார் டொனால்ட்.

மறு வாரம் ஒரு காலை, மோட்டார் கிளம்பியதும் எண் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. கிராணி மணியடித்துக்கொண்டே இருந்தார். இராசம்மா விறகைத் திணித்துக்கொண்டே இருந்தாள். கடைசியாக அடுப்புக் கதவைத் திறந்தபோது தீ வெளியே பாய்ந்து அவள் வலது கையை முழங்கைவரை பொசுக்கியது.

வயர்மேன் கை வைத்ததால்தான் கருவி கெட்டது என்று இன்ஜினியர் விசாரணையில் சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கே கிராணி காகிதத்தைக் கொண்டுபோனார். அமல்தாஸ் போர்டைத் திறந்ததை இராசம்மா பார்த்ததாக அதில் எழுதியிருந்தது. மகள் சீதாவின் வேலை போய்விடும் என்றதும் இராசம்மா இடது பெருவிரலைப் பதித்தாள்.

அமல்தாஸை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள்.

சனிக்கிழமை டொனால்ட் கூப்பிட்டனுப்பினார். “அந்த மூணாவது வயர இழுத்துட்டுப் போ. இல்லாட்டி சர்வீஸ் லெட்டர் தர மாட்டேன். வேற தோட்டத்துல எவன் ஒன்னச் சேப்பான்?”

அமல்தாஸ் இழுத்தான். இரண்டு போர்டுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் கொடுத்தான். கடைசித் திருகைத் தளர்வாக விட்டுவிடலாமா என்று கை ஒரு கணம் நின்றது. அடுப்பில் இப்போது சீதா நின்றிருந்தாள். இறுக முடுக்கினான்.

மோட்டார் கிளம்பியது. எண் குதிக்கவில்லை. டொனால்ட் பக்கத்தில் நின்ற இன்ஜினியரின் கையைக் குலுக்கினார்.

“லெட்டர், துரை?”

கிராணி ஓர் உறையை நீட்டினார். அமல்தாஸ் வெளியே வந்து பிரித்தான். கருவியைச் சேதப்படுத்தியதற்காக நீக்கப்பட்டவர் என்று அதில் இருந்தது.