கம்பெனி பஸ்ஸில் நைனா

பூமியைக் காப்பாற்றும் மகத்தான பொறுப்பு, இந்த வருஷம் ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஏசி மிஷினுக்குப் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றின் தோளில் வந்து இறங்கியது. பணியாளர்கள் ஏசி பஸ்ஸில் ஏறி, காளாஸ்திரி வழியாக வரும் சுவர்ணமுகி ஆறு கடலில் விழும் கழிமுகத்துக்குப் போய், அலையாத்திக் காட்டைத் தரிசித்து, செடி நட்டு, மனித குலத்தின் பாவத்தை மதியச் சாப்பாட்டுக்குள் கழுவிவிட வேண்டும். ஆளுக்கொரு சணல் பை கொடுத்தார்கள். அதில் அவரவர் வீட்டிலிருந்து இயற்கை எரு கொண்டுவர வேண்டும். வேறு மூட்டை முடிச்சு கூடாது.

தங்கவேலு தன் பையில் நைனாவைக் கொண்டுவந்தான்.

அவனைப் பெற்ற நைனா ரங்கையா செத்து ஏழு மாதம் ஆகிவிட்டது. சொத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை, இருந்தால்தானே சொல்ல. “காளாஸ்திரிய தொட்டுக்கினு போவுதே ஆறு, அது கடல்ல சேர்ற எடத்துல என்னைக் கரைச்சிடுடா” என்றார். அவ்வளவுதான். நாகலாபுரத்தில் எரித்து, எலும்பும் சாம்பலும் அள்ளிச் சட்டியில் போட்டு, கொல்லைமேட்டுப் புளியமரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். கரைக்கும்வரை அது வீட்டுக்குள் வரக்கூடாது, வீட்டில் நல்ல காரியமும் நடக்கக்கூடாது. தங்கவேலுவோ காண்ட்ராக்ட் ஆள். ஞாயிற்றுக்கிழமையும் ஓ.டி. என்று நிற்க வைப்பார்கள். லீவு கேட்டால் மறுநாள் அவன் மிஷினில் வேறொருவன் நிற்பான். தங்கை சுமித்ராவைப் பார்க்க வந்தவர்கள் புளியமரத்தைப் பார்த்துவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

பஸ் சேதி வந்தபோது பெண்டாட்டி கல்பனாதான் வழி சொன்னாள். “யோவ், மாமா மரத்துல ஊஞ்சலாடிக்கினு கீறாரு, நீ மூடி அடிச்சிக்கினு கீற. கம்பெனியே வண்டி உடுது. பையில போட்டு இட்டுக்கினு போ. யாராண்டயும் வாய தெறக்காத.”

வாயைத் திறப்பானா? சாவுச் சாம்பலோடு ஒரே பஸ்ஸில் வந்தோம் என்று தெரிந்தால் மேனேஜர் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் தலைமுழுகுவார்கள், அவனையும் சேர்த்து.

கம்பெனி வாசலில் டிரைவர் முனியப்பன் ஒவ்வொரு பையாக மோந்து பார்த்தான். ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணி, கோழி எச்சம். “இன்னாய்யா இது, ஏசி வண்டியா மாட்டுக் கொட்டாயா? கொட்டிட்டு ஏறு!” எல்லா எருவும் வாசலிலேயே குவிந்தது. தங்கவேலுவின் பையை இரண்டு தடவை மோந்தான். “இது நாறலியே. நீ போ.”

கழிமுகத்தில் இறங்கியதும் தங்கவேலு அப்படியே நின்றுவிட்டான். இத்தனை தண்ணீரை அவன் ஒருசேரப் பார்த்ததில்லை. சேற்றிலிருந்து ஆணி ஆணியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்கள், அவற்றுக்கு நடுவே நண்டுகள், காட்டைப் பிளந்துகொண்டு கடலுக்குப் போகும் கால்வாய். நைனா கெட்டிக்காரர்தான். கால்வாயில் படகோடு நின்ற உள்ளூர்க்காரன் நாகபூஷணத்திடம் கேட்டான். “அண்ணே, படகு கடல்வாய் வரைக்கும் போவுமா?”

“போவும். மொதல்ல ஒங்காளு போட்டோ புடிச்சி முடிக்கட்டும், அப்பால எல்லாரையும் ஏத்திக்கினு போறேன்.”

மேனேஜர் ஹரிபிரசாத் மைக்கைப் பிடித்தார். நாமெல்லாம் இயற்கைத் தாயின் பிள்ளைகள் என்று தெலுங்கிலும், தமிழிலும், சந்தேகத்துக்கு இடமில்லாமல் இங்கிலீஷிலும் சொன்னார். பிறகு, ஷாமியானா போட்டிருந்த மேட்டிலேயே வெட்டி வைத்திருந்த குழியில் முதல் செடியை இறக்கினார். எருவுக்குக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. எல்லாப் பையும் காலி.

கால்வாயை நோக்கி மெல்ல நகர்ந்துகொண்டிருந்த தங்கவேலுவின் பை மட்டும் உப்பியிருந்தது.

“ஏய் தங்கவேலு! சூடண்டி, ஈயன ஒக்கரே சின்சியர்! பாருங்க, இவர் ஒருத்தர்தான் சின்சியர்!” ஹரிபிரசாத் பையை வாங்கிக் கையை உள்ளே விட்டார். “ஓ, எலும்புத்தூளும் இருக்கா? சூப்பர். எங்க வீட்டு ரோஜாவுக்கு இதான் போடறோம்.”

“சார், அது வந்து...”

“கூச்சப்படாதப்பா. இங்க பாரு, சிரி.”

எல்லா போனும் அவனைப் பார்த்து உயர்ந்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், பை கைக்கு வந்துவிடும். வேலை போய்விடும். தங்கவேலு வாயைத் திறந்தான், மூடினான். போட்டோவில் அது சிரிப்பாகவே விழுந்திருக்கிறது. ஹரிபிரசாத் பையைத் தலைகீழாக உதறினார், மண்ணைத் தள்ளினார், ஷூ காலால் நன்றாக மிதித்தார், சானிடைசரில் கையைக் கழுவினார். ‘பசுமை வீரர்’ என்று ஒரு மெடல் தங்கவேலுவின் கழுத்தில் விழுந்தது. அவர் மறுபடியும் மைக்கைப் பிடித்ததில் நேரமாகிவிட, படகுச் சவாரி ரத்தானது.

எல்லோரும் சாப்பாட்டுப் பந்திக்கு ஓடியதும் தங்கவேலு படகண்டை போனான்.

“அண்ணே, அமாவாசைக்குத் தண்ணி ஏறுமே, அந்தச் செடியாண்ட வருமா?”

நாகபூஷணம் சிரித்தான். “அதுவா? எறா வளக்க குட்டை வெட்டுன மண்ண கொட்டி வச்ச மேடுப்பா. வருசத்துக்கு ஒரு கம்பெனி அங்கதான் வந்து நடும். பூட்ஸுல சேறு ஒட்டாது பாரு. போன வருசத்துச் செடி தோ, தண்ணி வராம குச்சி குச்சியா நிக்குதே.”

“புயல் வந்தா?”

“புயலுக்கு எங்க ஊரே ஏறி நிக்கிற எடம் அதான்.”

தோண்டி எடுத்துவிடலாம். ஆனால் அந்தக் குழியைச் சுற்றித்தான் பந்தி போட்டிருந்தார்கள். முனியப்பன் ஹாரன் அடிக்கிறவரை அங்கிருந்து ஒருவரும் நகரவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கல்பனா போன் செய்தாள். “கரைச்சிட்டியா?”

“ஆச்சு.”

“மாமா சொன்ன எடத்துலயே?”

“ம்.”

“அப்ப சுமித்ராவ பாக்க வரச் சொல்லிடட்டா?”

“சொல்லு.”

ரங்கையா கரையவில்லை.